மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போகுமா?

"அண்ணே, பல்லுக்கொதி. ரெண்டு நாளைக்குக் குளிசை தாங்க."

இதைக் கேட்காத நாள் எனக்குக் கிடையாது. திருகோணமலை டவுனில் ஒரு பார்மசியில் 22 வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன். நான் டொக்டரும் இல்லை, பல் வைத்தியரும் இல்லை. ஆனால் பல்லுக்கொதி வந்தவன் முதலில் வந்து நிற்பது என் முன்னால்தான். ஆஸ்பத்திரிக்குப் போவது கடைசியில்.

பல்லைக் காட்டுங்கள், தேவையென்றால் பிடுங்கி விடுங்கள் என்று சொன்னால் பாதிப் பேரிடமிருந்து ஒரே பதில்தான் வரும். "மேல்பல்லு அண்ணே. புடுங்கினா கண் பார்வை போயிரும் எண்டு அம்மா சொல்லுறா." படித்தவர், படிக்காதவர், கிண்ணியாக்காரர், நிலாவெளிக்காரர் என்ற பேதமே இல்லை. கண்ணுக்குப் பயந்து சூத்தைப்பல்லை வாயில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் குளிசை விழுங்குவார்கள்.

மேல்பல்லுக்கும் கண்ணுக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். ஆனால் அம்மாமார் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பல்லை வைத்தியர் பிடுங்கியதால் பார்வை போவதில்லை. சீழ் பிடித்த பல்லை அப்படியே விட்டால், அந்தச் சீழ் மேலே ஏறிக் கண்ணைக் கெடுக்கலாம். அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை. இத்தனை வருடத்தில் நான் நேரே கண்டது ஒன்றே ஒன்று. அது என் வீட்டுக்குள் நடந்தது, அதில் என் கையும் இருந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் மனைவியின் தம்பி கடல் தொழில். மேல் இடதுபக்கம் ஒரு கடைவாய்ப்பல் அவனுக்கு மூன்று வருடமாகச் சூத்தை. கொதி வரும்போதெல்லாம் என்னிடம் வருவான். நானும் அமொக்சிசிலின் ஆறோ எட்டோ எண்ணிக் கடதாசிப் பையில் போட்டுக் கொடுப்பேன். டொக்டரின் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். எனக்குத் தெரியாதா? மச்சான் கேட்கிறான், கொடுத்தேன். இரண்டு நாளில் கொதி நிற்கும். அவன் பல்லை மறப்பான், நானும் மறப்பேன். நாலைந்து மாதத்தில் திரும்ப வருவான்.

கொதி நின்றதைச் சுகம் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்ததுதான் பிழை. பல்லுக்குள் இருக்கும் நரம்பும் இரத்தக்குழாயும் செத்துவிட்டால் அங்கே கொதி இருக்காது. அதேபோல இரத்தமும் ஓடாது. இரத்தம் போகாத இடத்துக்குக் குளிசையும் போகாது. பல்லைச் சுற்றிப் பரவியதை மருந்து அடக்கும். பல்லுக்குள் இருப்பது அப்படியே இருக்கும், மருந்து நின்றதும் மறுபடி கசியும். வேரைத் துப்பரவாக்கி அடைக்க வேண்டும், இல்லையென்றால் பிடுங்க வேண்டும். வேறு வழி கிடையாது.

பல்லிலிருந்து கண்ணுக்கு எப்படி ஏறுகிறது

மேல் கடைவாய்ப்பற்களின் வேருக்கு மேலே, கன்னத்து எலும்புக்குள் ஒரு வெற்றிடம் இருக்கிறது. சைனஸ் என்கிறோமே, அதில் பெரியது இதுதான். அந்த அறையின் தரை பல் வேர்களை ஒட்டி இருக்கும். அதன் கூரைதான் கண் உட்கார்ந்திருக்கும் தளம். மூன்று மாடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்: கீழே பல், நடுவில் வெறும் அறை, மேலே கண். நடுவில் உள்ள தளங்கள் முட்டை ஓடு மாதிரி மெல்லியவை. கண்ணுக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள சுவர் இன்னும் மோசம். அதற்கு வைத்தியர்கள் வைத்திருக்கும் இலத்தீன் பெயருக்கே கடதாசித் தகடு என்றுதான் பொருள்.

பல் வேரில் சேர்ந்த சீழ் நடு அறைக்குள் கசிந்தால் முதலில் மூக்குத்தான் காட்டிக்கொடுக்கும். ஒரு பக்க மூக்கால் மட்டும் சளி, அதுவும் நாற்றத்தோடு. மச்சானுக்கு ஒரு மாதம் அப்படி இருந்தது. "கச்சான் காத்து, தூசி" என்றான். சாதாரணத் தடிமன் இரண்டு மூக்கையும் அடைக்கும். ஒரு பக்கம் மட்டும் நாறினால், அதே பக்கத்தில் சூத்தைப்பல்லும் இருந்தால், பல் வைத்தியரிடம் போக அந்த ஒரு காரணமே போதும்.

வேறு வழிகளும் இருக்கின்றன. வேட்டைப்பல்லின் சீழ் மூக்கோரமாகக் கன்னத்துச் சதைக்குள் ஏறி, நேரே கீழ் இமைக்கு வரலாம். கடைசிப் பற்களின் சீழ் தாடைக்குப் பின்புறமாகச் சுற்றிக் கண்குழியின் அடியிலுள்ள இடுக்கால் நுழையலாம். முகத்து நாளங்கள் கண்குழிக்குள் இருக்கும் நாளங்களோடு தொடுப்பு, அவை மூளைக்குப் பக்கத்திலுள்ள நாளங்களோடு தொடுப்பு. அந்த வழியில் இரத்தம் முன்னுக்கும் ஓடும், பின்னுக்கும் ஓடும். கிருமிக்கு அது திறந்த ஒழுங்கை.

பல்லைப் பிடுங்கினால் கண் நரம்பு அறுந்துவிடும் என்பார்களே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மேல்பல்லின் நரம்பு கண்ணுக்குக் கீழால் போவது உண்மை. அதனால்தான் மேல்பல் கொதி சிலருக்குக் கண்ணுக்கடியில் குத்துகிற மாதிரி இருக்கும். ஆனால் அது நோவை உணரும் நரம்பு. பார்வை நரம்பு வேறு, கண்ணுக்குப் பின்னால் நேரே மூளைக்குப் போகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. மிக அரிதாக, மேல் கடைசிப் பல்லுக்குப் போட்ட விறைப்பு ஊசியின் மருந்து கண் பக்கம் பரவிக் கொஞ்ச நேரம் ஒன்று இரண்டாகத் தெரிவதுண்டு. விறைப்பு இறங்கினால் அதுவும் போய்விடும். அப்படி ஒன்றிரண்டு பேருக்கு நடந்ததைக் கேட்டுத்தான் இந்தப் பயம் ஊர் சுற்றியதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இமை வீங்கினால் வீட்டில் பார்க்க வேண்டியது

இமைக்குள் ஒரு மெல்லிய திரை இருக்கிறது. அந்தத் திரைக்கு முன்னால் நின்ற வீக்கம் ஒரு மாதிரி. திரையைத் தாண்டிப் பின்னால் போன வீக்கம் வேறு மாதிரி. முன்னால் நின்றால் இமை சிவந்து உப்பியிருக்கும், ஆனால் உள்ளே கண் நன்றாக அசையும், நன்றாகத் தெரியும். பின்னால் போய்விட்டால் கண்ணும் பார்வை நரம்பும் ஆபத்தில். வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரிப் பொம்மிய இமைதான். வித்தியாசம் கண்ணைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஆளைக் கதிரையில் உட்கார்த்தி, வீங்கிய இமையை மெதுவாகப் பிரியுங்கள். அமத்தக் கூடாது.

நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டு இரண்டு கண்ணாலும் பார்க்கச் சொன்னால் பிரயோசனம் இல்லை. நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். சுவரில் இருக்கும் கலண்டரின் பெரிய திகதியையும், அதற்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மாற்றி மூடி அதையே வாசிக்கட்டும். வீங்கிய கண்ணால் மங்கலாகத் தெரிந்தால், ஒரு தரம் கண்ணைச் சிமிட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பீளை மறைத்திருந்தால் சிமிட்டியதும் தெளியும். தெளியவில்லையென்றால் மேலே வாசிக்க வேண்டாம், ஓட்டோவைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது நிறம். முற்றத்தில் செவ்வரத்தை இருந்தால் ஒரு பூவைப் பறித்துக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பார்க்கச் சொல்லிச் சிவப்பு ஒரே மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள். பார்வை நரம்பு நெருக்கப்படும்போது எழுத்து மங்குவதற்கு முன்பே சிவப்பு வெளிறித் தெரியலாம், சாயம் போன சேலை மாதிரி. ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் ஒரு சிவப்பு மூடியை வைத்து மச்சானுக்கு இதைத்தான் செய்தார். "இந்தக் கண்ணுக்கு ரோஸ் கலர்" என்றான் அவன். டொக்டரின் முகம் மாறியதை நான் கண்டேன்.

பிறகு அசைவு. தலையை ஆட்டாமல் உங்கள் விரலைக் கண்ணால் மட்டும் தொடரச் சொல்லுங்கள். மேலே, கீழே, இடம், வலம். ஒரு பக்கம் கண் போகாமல் நிற்கிறதா, அசைக்கும்போது கண்ணுக்குப் பின்னால் நோகிறதா, ஒரு விரல் இரண்டாகத் தெரிகிறதா? இதில் எது ஒன்று இருந்தாலும் வீக்கம் திரையைத் தாண்டிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, ஆளின் பின்னால் நின்று தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, நெற்றிக்கு மேலாக எட்டிப் பாருங்கள். ஒரு கண் மற்றதைவிட முன்னுக்குத் தள்ளியிருந்தால் இந்தக் கோணத்தில் தெரிந்துவிடும். கண் வெள்ளை ஜெலி மாதிரி உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். நான் மருந்து அளக்கிறவன், அளவிலேயே சொல்கிறேன். வளர்ந்த ஆளின் கண்குழி முழுவதும் கிட்டத்தட்ட 30 மில்லிலீட்டர். இரண்டு மேசைக்கரண்டி. சுற்றிவர எலும்பு, எந்தப் பக்கமும் விரிந்து கொடுக்காது. அதற்குள் ஒரு தேக்கரண்டிச் சீழ் சேர்ந்தாலும் கண் முன்னுக்குத் தள்ளும், நரம்புக்குப் போகும் இரத்தம் நெரிபடும். நாளைக்குப் பார்ப்போம் என்றால் நரம்பு பொறுத்திருக்காது.

இந்தச் சோதனைகளில் எல்லாம் சரியாக வந்தால் வீட்டில் படுக்கலாம் என்று அர்த்தம் இல்லை. பல்லோடு சேர்ந்து இமை வீங்கினால் அன்றைக்கே டொக்டரிடம் காட்ட வேண்டும். சோதனையில் ஏதாவது பிசகினால் அந்த நிமிடமே புறப்பட வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். கடும் தலையிடி, சத்தி, மயக்கம் மாதிரித் தூங்கி விழுதல், கழுத்து விறைப்பு, மற்றக் கண்ணும் வீங்கத் தொடங்குதல் ஆகியவை இருந்தால் கிருமி மூளைப் பக்கத்து நாளத்துக்குப் போயிருக்கலாம். அப்போது கலண்டரும் வேண்டாம், செவ்வரத்தையும் வேண்டாம்.

கண்நோயோடு இதைக் குழப்பாதீர்கள். கண்நோயில் பீளை நிறைய வரும், பெரும்பாலும் மற்றக் கண்ணுக்கும் தொற்றும், கண் அசைக்க நோகாது. கண்கட்டி என்றால் இமை ஓரத்தில் ஒரு இடத்தில் முளை தெரியும். குளவி கொட்டினால் கொட்டிய ஆளுக்கே தெரிந்திருக்கும். மச்சான் முதல் நாள் "ஏதோ பூச்சி கடிச்சிட்டு" என்றான். எந்தப் பூச்சி, எப்போது என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை

நடந்தது ஆனி மாதம். எங்கள் பக்கம் கடல் அமைதியாகக் கிடக்கும் காலம், தொழில் உள்ள காலம். அந்த மாதங்களில் கரைவலைக்காரனை ஒரு நாள் மறிப்பது லேசான வேலை இல்லை. வெள்ளி காலையில் இமை பொம்மியிருந்தது. அன்றும் வலைக்குப் போனான். சனி பின்னேரம் காய்ச்சல். எங்கள் ஊரில் காய்ச்சல் என்றால் முதல் நினைப்பு டெங்குதான், அதனால் வீட்டில் பனடோல் கொடுத்து இளநீர் வெட்டி வைத்தார்கள். இரவு பத்து மணிக்கு முற்றத்தில் படுத்திருந்தவன் அக்காவைக் கூப்பிட்டு, "அந்தப் போட்டில ரெண்டு லைட் போட்டிருக்கிறாங்களா?" என்று கேட்டிருக்கிறான். ஒரு லைட்தான் எரிந்தது.

அவள் எனக்குப் போன் எடுத்தாள். ஓட்டோவில் அவனை ஏற்றிக்கொண்டு போகும்போது ரோட்டோரம் மான்கள் படுத்துக் கிடந்தன. பிரேக் போடும் ஒவ்வொரு தரமும் அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு முனகினான். எனக்கு அந்தக் கடதாசிப் பைகள்தான் ஞாபகம் வந்தன.

ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டியது

ஓபிடி வரிசையில் நிற்க வேண்டாம். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கண் வீக்கம் என்று மட்டும் சொன்னால் பல்லை யாரும் யோசிக்காமல் போகலாம். பல்லுக்கொதி என்று மட்டும் சொன்னால் கண் பின்தள்ளப்படலாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்: "மேல் இடதுபக்கப் பல்லில் சூத்தை, இவ்வளவு காலமாக. இமை வீக்கம் நேற்றுக் காலை தொடங்கியது. இன்றைக்கு ஒன்று இரண்டாகத் தெரிகிறது, கண் அசைக்க நோகிறது." அவ்வளவு போதும். கதை வேண்டாம்.

சீனி வருத்தம் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், கிளினிக் கொப்பியைக் கொண்டுபோங்கள். சீனி கூடியவர்களுக்குக் கிருமி வேகமாகப் பரவும். பூஞ்சணம் பிடிக்கும் ஆபத்தும் அவர்களுக்குத்தான் அதிகம். அண்ணத்திலோ மூக்குக்குள்ளோ கறுப்பாக ஏதும் தெரிந்தால் அதையும் சொல்ல வேண்டும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அதையும். இதுவரை விழுங்கிய குளிசைகளின் அட்டைகளை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போங்கள், மறைக்காதீர்கள். நான் கொடுத்ததை நானே சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்றும் கேட்பார்கள், இரவோடு இரவாகச் சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

மூதூர், கிண்ணியாப் பக்கத்தவர்களுக்கு அங்கேயே ஆதார வைத்தியசாலை இருக்கிறது. பெரிய இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று வாகனம் தேடி நேரத்தை விடாமல் முதலில் அங்கே போங்கள். தேவையென்றால் அவர்களே அம்புலன்சில் அனுப்புவார்கள். புல்மோட்டையிலிருந்து டவுனுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். தூரத்தில் இருப்பவர்கள் இருட்டுவதற்கு முன் முடிவெடுப்பது நல்லது. வாகனம் இல்லையென்றால் 1990க்கு எடுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை, அரச ஆஸ்பத்திரியிலும் காசு இல்லை.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் பயம் கொஞ்சம் குறையும். கையில் கனியூலா குத்தி அன்டிபயோட்டிக்கை நாளத்தால் ஏற்றுவார்கள். இந்த நிலையில் குளிசை போதாது. இரத்தம் சோதிப்பார்கள், சீடி ஸ்கேன் எடுப்பார்கள். கண் டொக்டர், காது மூக்குத் தொண்டை டொக்டர், பல், முகச் சத்திரசிகிச்சை டொக்டர் என்று மூன்று பேரும் பார்க்க வேண்டிய கேஸ் இது. ராத்திரியிலும் எழுப்பிப் பார்வையைச் சோதிப்பார்கள். ஆள் தூங்கட்டுமே என்று தடுக்காதீர்கள். பார்வை இறங்கினால் உடனே சீழை எடுக்க வேண்டும், அதற்குத்தான் எழுப்புகிறார்கள்.

மச்சானின் ஸ்கேனைக் காட்டிவிட்டு அந்த இளம் டொக்டர் ஒரு துண்டின் பின்பக்கத்தில் ஐந்து படி கீறினார். 1970இல் சாண்ட்லர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் வகுத்த கணக்காம். முதல் படி திரைக்கு முன்னால் வீக்கம். இரண்டாவது திரைக்குப் பின்னால். மூன்றாவது கண்குழியின் எலும்புக்கும் அதை மூடிய சவ்வுக்கும் இடையில் சீழ். நாலாவது கண்குழிக்கு உள்ளேயே சீழ். ஐந்தாவது மூளைப் பக்கத்து நாளத்தில் இரத்தம் உறைவது. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும் என்றில்லை, தாவியும் போகும் என்றார். மச்சான் மூன்றில் நின்றான். அடுத்த நாள் சைனசையும் சீழையும் துப்பரவாக்கி, அந்தப் பல்லையும் பிடுங்கினார்கள்.

"வீக்கம் இருக்கும்போது பல்லுப் புடுங்கலாமா?" என்று மாமி வார்ட் வாசலில் சண்டைக்கு நின்றா. ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். வீக்கத்தில் விறைப்பு ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் கிருமி வருகிற இடத்தை எடுக்காமல் மருந்து மட்டும் ஏற்றுவது, ஓட்டையை அடைக்காமல் வள்ளத்துத் தண்ணியை இறைப்பது மாதிரி. எப்போது பிடுங்குவது என்பதை வைத்தியர் முடிவெடுப்பார். வீக்கம் வற்றட்டும் என்று நாமாக வீட்டில் காத்திருக்கக் கூடாது.

என் கவுண்டரில் கேட்கக் கூடாதவை

கண்ணுக்கு ஒரு துளி மருந்து கேட்டு வருவார்கள். டெக்ஸாமெதசோன் கலந்த துளி சிவப்பைக் குறைக்கும், நோயைக் குறைக்காது. வீக்கத்துக்கென்று பிரெட்னிசலோன் கேட்பவர்களும் உண்டு. தானாக எடுத்தால் அது உடம்பின் எதிர்ப்பைக் கட்டிப்போட்டுக் கிருமிக்கு வழி விடும். டைக்ளோபெனக், ஐபியூபுரூபன் நோவை நன்றாக அடக்கும். ஆனால் காய்ச்சல் இருக்கும்போது, அது டெங்கு இல்லை என்று தெரியும்வரை, அவற்றைத் தொடக் கூடாது. இரத்தப்போக்கு வரலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை நோவுக்குப் பனடோல் போதும். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தரம், ஒரு நாளில் 8க்கு மேல் வேண்டாம். மெலிந்தவர்கள், ஈரல் வருத்தக்காரர், தினமும் குடிப்பவர் அதற்கும் குறைவாக, கேட்டு எடுக்க வேண்டும். தடிமன் குளிசையிலும் அதே மருந்து இருக்கும், அதையும் எண்ணிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு எடைக்கேற்பப் பாணி, ஒரு தரத்துக்கு ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோப் பிள்ளைக்கு 150 மில்லிகிராம்.

இளம்சூட்டு உப்புத்தண்ணியால் வாய் கொப்பளிப்பது நல்லது. கராம்பு எண்ணெய் பல்லில் வைத்தால் கொஞ்ச நேரம் விறைக்கும், பரவாயில்லை. கன்னத்துக்கு வெளியே சுடுஒத்தடம் கொடுக்காதீர்கள், வீக்கத்தைப் பிதுக்காதீர்கள். வெற்றிலையில் எண்ணெய் தடவிச் சுட வைத்து ஒட்டுவதும் ஒத்தடம்தான். கண்ணுக்குள் தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். படுக்கும்போது தலையணையை உயர்த்தி வையுங்கள்.

சின்னப் பிள்ளைகளின் பாற்பல்லும் இதில் சேர்த்திதான். விழுகிற பல்தானே என்று விடுவார்கள். பிள்ளை "எனக்கு ரெண்டாத் தெரியுது" என்று சொல்லாது. விளையாடாமல் சுருண்டு கிடக்கும், வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பும். பிள்ளைக்கு இமை வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் வீட்டுச் சோதனையே வேண்டாம், கொண்டுபோங்கள்.

கீழ்ப்பல் கண்ணுக்குப் போவது குறைவு, அது போவது கழுத்துக்கு. நாக்குக்கு அடியில் வீங்கினால், வாயை இரண்டு விரல் அகலத்துக்குத் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தால், மூச்சு அடைபடப் போகிறது என்று அர்த்தம். அதற்கும் இதே ஓட்டம்தான் ஓட வேண்டும்.

மேல் கடைவாய்ப்பல் பிடுங்கியபின் ஒரு விஷயம். தேத்தண்ணி குடிக்கும்போது மூக்கால் வந்தால் பயப்படாதீர்கள், ஆனால் மறைக்கவும் வேண்டாம். வேர் இருந்த குழி அந்த நடு அறைக்குத் திறந்துவிட்டது. மூக்கைச் சிந்தாமல், சுருட்டுப் பிடிக்காமல் திரும்பப் போய்க் காட்டுங்கள், அடைத்துவிடுவார்கள்.

மச்சான் 12 நாள் வார்ட்டில் கிடந்தான். பார்வை வந்துவிட்டது. நிமிர்ந்து மேலே பார்த்தால் மட்டும் இன்றைக்கும் ஒன்று இரண்டாகத் தெரிகிறது. கோணேசர் கோயிலுக்குப் போனால் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க ஒரு கண்ணை மூடிக்கொள்கிறான். நான் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். முதல் மாதம் நாலு பேர் ஏசிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள்.

போன தை மாதம் மாமியின் மேல் வேட்டைப்பல் ஆடத் தொடங்கியது, முரசும் வீங்கியது. 71 வயது. மூன்று நாள் யோசித்துவிட்டு, தானே என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னா. பிடுங்கி முடிந்து பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தவ, வாசலில் தொங்கிய கலண்டருக்கு முன்னால் நின்றா. ஒரு கண்ணைப் பொத்தி ஒரு தரம், மற்றதைப் பொத்தி ஒரு தரம், உதட்டை அசைத்து இராகுகாலம்வரை வாசித்தா. பேச முடியாததால் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினா.